கல்லாப்பெட்டியும் கவுன்சிலர் நாற்காலியும்

உங்கள் தெருவில் இருபது வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன சொல்வோம்? ‘சம்பாதிக்கக் கிளம்பிட்டான்யா!’

எனக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். முதலில் நுழைவது அவர் கடைக்குள். முக்கியமாக, காலையில் அவர் ஷட்டரைத் தூக்கியே ஆக வேண்டும். நேரே போய்க் கத்தலாம். 2016 அக்டோபரில் தமிழக நகர்ப்புற கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்! இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அதிகாரிகள். யார் ஷட்டர் முன்னால் போய்க் கத்தினோம்?

மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், பேரூராட்சி கவுன்சிலருக்கு 2,500 என்று 2023-ல்தான் மதிப்பூதியம் அறிவித்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை வைத்தால்கூட இது பத்தாது. கடையும் இல்லாமல், வேறு தொழிலும் இல்லாமல் பெரிய காரில் வந்து இறங்கும் கவுன்சிலரைப் பார்த்து மட்டும் ‘வருமானம் எங்கேர்ந்து சார்?’ என்று நாம் கேட்பதே இல்லை. கும்பிடு போடுகிறோம்.

அதற்காகக் கடைக்காரருக்கு நான் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. அவர் கடை சிமென்ட் மாநகராட்சிக் கால்வாய்க்குப் போனால் அது வியாபாரம் இல்லை, திருட்டு. கான்ட்ராக்டில் பங்கு இருந்தால் பதவி பறிபோகும் என்கிறது சட்டம். மச்சான் பேரில் பில் போட்டால்? வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கெல்லாம் 2022-லேயே விதிமுறை வந்தாச்சு. உங்கள் ஏரியாவில் கூட்டம் போட்டால் டீ, பிஸ்கட்டோடு திரும்பிவிடாதீர்கள். எழுந்து கேளுங்கள்: ‘அண்ணாச்சி, இந்தக் கால்வாய்க்கு சிமென்ட் யார் கடையில வாங்கினது?’