டயரின் காற்றும் போனில் தெரியும் எண்ணும்

காலையில் தாம்பரத்தில் கிளம்பும்போது போனில் 33 காட்டிய டயர், வெயில் ஏறி விழுப்புரத்தை நெருங்கும்போது 38 காட்டுகிறது. அடுத்த பங்க்கில் வண்டியை ஓரங்கட்டி, நாலு சக்கரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். டயர் அழுத்த சென்சார் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் காரியம் இது. சென்சார் பொய் சொல்லவில்லை, டயரிலும் கோளாறு இல்லை. ஆனால் காற்றை இறக்கியவர் மறுநாள் காலை 28, 29 பிஎஸ்ஐயில் வண்டியை எடுப்பார். ஓர் ஆபத்தைத் தவிர்ப்பதாக நினைத்து, உண்மையான ஆபத்தைத் தன் கையாலேயே வரவழைத்துக்கொண்டார்.

இன்று கடையிலும் இணையத்திலும் சில ஆயிரம் ரூபாய்க்கு இந்த சென்சார்கள் கிடைக்கின்றன. வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகும் குட்டிச் சென்சார்கள் ஒரு வகை. டயரைக் கழற்றி ரிம்முக்கு உள்ளே வால்வோடு சேர்த்துப் பொருத்துபவை இன்னொரு வகை. இரண்டிலும் புளூடூத் வழியாகப் போனுக்கே நேராகப் பேசுபவை உண்டு. வாங்கும் முன் அந்தப் பேச்சு மொழியைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. கார் கம்பெனிகள் பொருத்தித் தரும் சென்சார்கள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. போனில் அந்த அலையைக் கேட்கும் காது கிடையாது. ஆகவே ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் காரில் ஏற்கெனவே இருக்கும் சென்சாரைப் போனில் படிக்கலாம் என்பது நடக்காது. வெளியில் வாங்கிய புளூடூத் சென்சார் காரின் டாஷ்போர்டு விளக்கை எரியவைக்கும் என்பதும் அப்படித்தான்.

சில கார்களில் சென்சாரே இல்லாமல் டயர் எச்சரிக்கை வரும். காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றே சுருங்கும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கும் வேக உணரிகளை வைத்தே கார் இதைக் கண்டுபிடிக்கிறது. நாலு டயரிலும் ஒரே அளவில் காற்று குறைந்தால் இந்த முறை தடுமாறும், எத்தனை பிஎஸ்ஐ என்றும் சொல்லாது. அத்தகைய கார் வைத்திருப்பவருக்கு வெளியில் வாங்கும் சென்சாரால் உண்மையான பயன் உண்டு.

முதலில் சொன்ன 33, 38 கணக்குக்கு வருவோம். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். கார் டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் கூடும். ஓடும் டயர் சுழலும் ஒவ்வொரு முறையும் நசுங்கி நிமிர்வதில் சூடாகிறது. கீழே சித்திரை மாதத்துத் தார்ச்சாலை வேறு. நாலைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. கார்க் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று போட்டிருந்தால், அது வண்டி சில மணி நேரம் நின்று ஆறிய பிறகு இருக்க வேண்டிய அளவு. டயர் வடிவமைப்பாளர்கள் ஓட்டத்தில் ஏறப்போகும் அழுத்தத்தையும் கணக்கில் கொண்டுதான் அந்த எண்ணைத் தருகிறார்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் 44 அல்லது 51 வேறு விஷயம். அது அந்த டயருக்கு உரிய உச்ச வரம்பு, காற்று நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

மலையேறும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். பஞ்சர் கடையில் வைத்துப் பார்க்கும் கேஜ், வெளிக்காற்றைவிட டயருக்குள் எவ்வளவு அதிகம் என்பதை மட்டும் காட்டுகிறது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைந்துவிடுவதால் கேஜில் டயரின் எண் அந்த அளவுக்குக் கூடும். ஊட்டியின் குளிரோ, வெப்பம் அடிவாரத்தைவிட 20 டிகிரி குறைவாக இருந்தால், அதே 3 பிஎஸ்ஐயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதனால் கேஜ் வைத்துப் பார்ப்பவருக்கு மலையில் பெரிய மாற்றம் தெரியாது. செயலியைப் பார்ப்பவருக்குத் தெரியலாம். பல சென்சார்கள் டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தையும் அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற ஒரே நிலையான எண்ணைக் கழிக்கின்றன. ஊர் மாறினாலும் அந்தக் கழித்தல் மாறாது. குளிரால் வந்த குறைவு மட்டும் பதிவாகி, அடிவாரத்தில் 33 காட்டிய வண்டி ஊட்டி விடுதி வாசலில் ஆறி நிற்கும்போது செயலி 30 என்று காட்டும். உண்மையில் குறையொன்றும் இல்லை. அங்கே 3 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர் சமவெளியில் 36-ல் ஓட்டுவார். பெரிய ஆபத்தில்லை, ஆனால் வீண் வேலை.

இந்த சென்சார்களின் துல்லியம் பொதுவாக ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ முன்னே பின்னே இருக்கும். பங்க்கில் இருக்கும் இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே தனி எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, நாலு எண்களையும் சேர்த்துப் பார்ப்பது பலன் தரும். வெயில்பட நின்ற பக்கத்து இரண்டு டயர்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் அது வெயில். மூன்று டயர்கள் நேற்றுக் காலை இருந்த இடத்திலேயே இருக்க, ஒன்று மட்டும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் ஆணியோ, ரிம் ஓரக் கசிவோ, வால்வோ, ஏதோ ஒன்று. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று உடனே போவதில்லை, ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் மெல்லக் கசியவிடும். கண்ணால் பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும். அந்த மெல்லிய கசிவை வீட்டு வாசலிலேயே காட்டிக்கொடுப்பதுதான், என் கணிப்பில், இந்தக் கருவி நமக்குத் தரும் பெரிய பலன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காற்று குறைந்த டயர் ஏன் இவ்வளவு கவலைக்குரியது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே அடுக்குப் பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. அது குறைவு, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். குறை டயரிலா வண்டியிலா என்ற வழக்கு நீண்டது. ஆனால் காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடேறும், சூடு அடுக்குகளைப் பிரிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதே 2000-இல் அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பின் தயாரான இலகு வாகனங்கள் அனைத்திலும் எச்சரிக்கை கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் 2020-இல் வந்த விதித் திருத்தம் வேறு வாசலைத் திறந்தது: அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள டியூப்லெஸ் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அது கம்பெனியிலேயே பொருத்தி வரும் அமைப்பை மனதில் வைத்தது. வால்வில் நாலு மூடி திருகிவிட்டோம் என்று டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட வேண்டாம்.

அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிய வேண்டும். 33-க்கு அது கிட்டத்தட்ட 25 பிஎஸ்ஐ. ஐந்து பேரும் சாமானுமாக நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு அது மிகத் தாமதமான எச்சரிக்கை. செயலியில் வரம்பை நாமே வைக்கலாம் என்பது வெளியில் வாங்கும் சென்சாரின் வசதி. கீழ் வரம்பை 28, 29-லும், மேல் வரம்பை 42 அருகிலும் வைத்தால், மதிய வெயிலில் வீணாகக் கூவவும் செய்யாது, ஆணி ஏறியதும் சும்மா இருக்கவும் செய்யாது. வெப்பநிலை எச்சரிக்கையை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். வெளியே திருகிய சென்சார் பெரும்பாலும் தன் மேல் படும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும், டயரின் உள்ளே இருப்பதை அல்ல.

சென்சாரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இந்த ஏற்பாட்டில் பலவீனமான கண்ணி சென்சார் அல்ல, போன்தான். எச்சரிக்கை ஒலிக்க வேண்டுமென்றால் செயலி விழித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, திரையில் இல்லாத செயலிகளைத் தூங்கவைத்துவிடும். சில தயாரிப்புகளில் இந்தக் கண்டிப்பு மிக அதிகம். ஐபோனும் பின்னணியில் புளூடூத் தேடுவதற்குத் தன் கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. நீங்கள் கூகுள் மேப்ஸ் பார்த்துக்கொண்டு, இளையராஜா கேட்டுக்கொண்டு போகும்போது சென்சார் காற்று இறங்குவதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம், கேட்க ஆள் இருக்காது. அமைப்புகளில் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். இருப்பிட அனுமதி கேட்டால் திடுக்கிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 6 முதல் புளூடூத் சாதனங்களைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது, ஆண்ட்ராய்டு 12-இல்தான் தனி அனுமதி வந்தது. தொடர்புப் பட்டியலையும் படங்களையும் கேட்கும் டயர் செயலியைத் தயங்காமல் நீக்கிவிடலாம். டயரில் காற்று பார்க்க உங்கள் சித்தப்பாவின் எண் எதற்கு?

அனுமதிகளைச் சரிசெய்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும். வண்டியை மனைவி எடுத்துக்கொண்டு போனால்? ஆக்டிங் டிரைவர் ஓட்டினால்? உங்கள் போன் வீட்டில் இருக்கும், சென்சார் சாலையில் இருக்கும். குடும்பத்தில் பலர் ஓட்டும் வண்டிக்கு, டாஷ்போர்டில் ஒட்டிவைக்கும் தனித் திரையும் ஒலிப்பானும் உள்ள செட்டே மேல். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஃபோபோ டயர் போன்ற செட்களில் போன் செயலியோடு காருக்குள் வைக்கும் சிறு ஒலிப்பானும் சேர்ந்து வந்ததற்கு இதுதான் காரணம். போன் மட்டும் போதும் என்பது, ஒரே ஆள் ஓட்டி, தினமும் காலையில் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குப் பொருந்தும்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. சென்சார் தன் அடையாள எண்ணோடு அழுத்தத்தை வெட்டவெளியில் சொல்லிக்கொண்டே போகிறது. கார் கம்பெனிச் சென்சார்களின் பேச்சை 40 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்க முடியும் என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இலேயே காட்டினார்கள். சாதாரண மனிதருக்கு இதனால் தூக்கம் போகத் தேவையில்லை.

பொருத்துவதில்தான் கவனம் வேண்டும். வெளிச் சென்சார், வால்வின் ஊசியை அழுத்தித் திறந்துவைத்தபடிதான் வேலை செய்கிறது. அதாவது காற்றைத் தடுத்து நிற்பது இப்போது வால்வு அல்ல, சென்சாருக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம். திருகியதும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. எடையையும் கவனியுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வால்வு இருக்கும் இடத்தில் வெளிநோக்கி இழுக்கும் விசை புவியீர்ப்பைப் போல சுமார் 150 மடங்கு. 10 கிராம் சென்சார் அப்போது ஒன்றரை கிலோவாக வால்வை இழுக்கும். வருடக்கணக்கில் வெயிலில் வெந்த நீளமான ரப்பர் வால்வு அதைத் தாங்குமா என்பது சந்தேகம். வால்வை வளைத்துப் பார்த்து அடியில் வெடிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள், உலோக வால்வு போட்டால் இன்னும் நல்லது. அலுமினிய வால்வில் பித்தளை மரை திருகினால் கடலோர ஊர்களில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை கழற்றி மாட்டினால் பிழைக்கும். சென்சார் போட்டபின் வீல் பேலன்சிங் பார்ப்பதும் நியாயமே.

பங்க்கில் காற்று அடிக்கும் பையனுக்கு இந்த மூடிகளைக் கழற்றத் தெரியாது, திருட்டுத் தடுப்பு நட்டு வேறு இருக்கும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பேனரைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியது நாம்தான். உள்ளே பொருத்தும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன் “உள்ளே சென்சார் இருக்குண்ணே” என்று சொல்லிவிட வேண்டும். கம்பி பட்டால் உடையும், பஞ்சர் அடைக்க ஊற்றும் திரவம் அதன் துளையையும் அடைத்துவிடும். பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். வெளி வகையில் ஒரு நாணய பேட்டரியை நாமே மாற்றிவிடலாம். டயர்களை முன்பின் இடம் மாற்றினால் செயலியிலும் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பின் டயர் கசியும்போது முன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லாரிகளுக்கு இந்தக் கார் செட் உதவாது. அங்கே நூறு பிஎஸ்ஐக்கு மேல் போகும் அழுத்தத்துக்கும் நீண்ட இரும்பு உடலுக்கும் தனி அமைப்பு வேண்டும்.

இது எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பட்டன் தேய்ந்ததையோ, பள்ளத்தில் அடிபட்டுப் பக்கச்சுவர் வீங்கியதையோ, டயர் தயாராகி எத்தனை ஆண்டு ஆனது என்பதையோ சென்சார் அறியாது. கல் கிழித்து நொடியில் காற்று போகும்போது அது கூவினாலும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு முன்பே தெரிந்திருக்கும். அப்போது பிரேக்கைத் திடீரென மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகத் தணியவிட்டு ஓரம் சேர வேண்டும்.

வாங்கியதும் வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்யலாம். போனில் மேப்ஸை ஓடவிட்டு, திரையைப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின் சக்கரம் ஒன்றின் சென்சாரைக் கழற்றுங்கள். அழுத்தம் சுழியத்துக்கு விழும். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் போன் கூவினால் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லலாம். கூவாவிட்டால் பேட்டரி அமைப்புகளைத் திருத்தி மறுபடி பாருங்கள். அப்போதும் கூவாவிட்டால், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் திரையுள்ள செட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.