ஒண்ணரை லட்சத்தில் ஓர் ஊமைப்படம்

கல்யாணச் செலவில் வீடியோவுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? ஐம்பதாயிரம்? ஒண்ணரை லட்சம்? பெங்களூரில் கொஞ்சம் பெரிய மண்டபம் என்றால் இதெல்லாம் சர்வ சாதாரணம். சரி, அதில் மைக்குக்கு எவ்வளவு? உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, வீடியோக்காரரையே கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "மைக்கா? அது கேமராவுலயே இருக்கே சார்" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தப் புலம்பலுக்குக் காரணம். (டிஸ்கி: நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் அடுத்தவர் கணக்கைப் பார்க்கிற ஆசாமி. ஆனால் ஒரு கொட்டேஷனில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தெரியும்.)

ஜோகுபாளையம், அல்சூர் பக்கம் தமிழ்க் கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லை. வங்கிக்காரன் என்றால் எல்லாக் கணக்கும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. முகூர்த்த மாதங்களில் தெரிந்தவர்கள் கொட்டேஷனை நீட்டி "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். டிரோன் உண்டு. கேண்டிட் தனி, டிரெடிஷனல் தனி. எல்.ஈ.டி. திரை, ஆல்பம், கல்யாணத்துக்கு முன்னாடியே கப்பன் பார்க்கில் ஓடிப் பிடித்து விளையாடும் ஷூட்டிங், அதற்குப் புகை. ஒலி என்று ஒரு வார்த்தை? இதுவரை ஒரு தாளிலும் பார்த்ததில்லை.

ஒலி இல்லாமல் வீடியோ எப்படி வருகிறது? ரொம்ப சுலபம். எடுத்த சத்தத்தை அப்படியே துடைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, மாமனார் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து என்னமோ சொல்கிறாரே, அதற்கு ஒரு சோகப் பாட்டு. என்ன சொன்னார்? அது அவருக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான் வெளிச்சம்.

எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. சித்தப்பா பெண் கல்யாணத்தில் நலங்குக்குப் பெரியம்மா உட்கார்ந்து பாடினார். அவருக்கு அவர் மாமியார் சொல்லிக்கொடுத்த நலங்குப் பாட்டுகள். சம்பந்தி வீட்டை நைசாக வாரிவிடும் வரிகள் எல்லாம் உண்டு; எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மூன்று கேமராக்கள் அவரைச் சுற்றிச் சுற்றி எடுத்தன. அடுத்த வருஷம் பெரியம்மா போய்விட்டார். வீடியோவைப் போட்டுப் பார்த்தால் பெரியம்மாவின் வாய் அசைகிறது, பின்னால் அப்போது வந்த ஹிட் பாட்டு ஒன்று ஓடுகிறது. வீடியோக்காரருக்குப் போன் போட்டு மூலப் பதிவைக் கேட்டோம். "டெலீட் பண்ணிட்டோம் சார், ஹார்டு டிஸ்க் எத்தனைதான் வாங்கறது?" என்றார். முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியமாய்த் தெரிகிறது. குரல் மட்டும் இல்லை.

இதில் காமெடி என்னவென்றால், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமே என்று யூடியூபில் ஏற்றினார்கள். காப்பிரைட் பார்க்கும் இயந்திரம் சினிமாப் பாட்டை மோப்பம் பிடித்து மொத்த ஒலியையும் அணைத்துவிட்டது. இருந்த பாட்டும் போச்சு :-)

ஏன் இப்படி இருக்கிறோம் என்று யோசித்தால் எனக்குத் தமிழ் சினிமா மேல்தான் சந்தேகம் போகிறது. முதல் பேசும்படம் வந்த 1931-க்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லாவற்றையும் நடிக்கும்போதே பதிவு செய்தார்கள். நடிகரேதான் பாடவும் வேண்டும். அப்புறம் பின்னணிப் பாட்டு வந்தது, டப்பிங் வந்தது. தையல் மெஷின் மாதிரி கடகடக்கும் ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமராவை வைத்துக்கொண்டு படப்பிடிப்பில் ஒலி எடுப்பது நடக்காத காரியம். அதனால் 'படம் இப்போ, சத்தம் அப்புறம்' என்பதே தொழில் தர்மம் ஆகிவிட்டது. 2001-ல் லகான், 2004-ல் விருமாண்டி எல்லாம் படப்பிடிப்பிலேயே ஒலி எடுத்தபோது அது செய்தியானது. சினிமாவில் இது சரி. நடிகரை டப்பிங் தியேட்டருக்குக் கூப்பிட்டு மறுபடி பேச வைக்கலாம். பெரியம்மாவை எந்த தியேட்டருக்குக் கூப்பிடுவது?

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமாக இருந்திருக்கிறார்கள். கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வை ஒட்டி 1913-க்கும் 1929-க்கும் இடையில் இந்திய மொழிகளை கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். சென்னை மாகாண மொழிகளும் அதில் உண்டு, தமிழும் உண்டு. அந்தத் தட்டுகளில் பேசியதை எழுத்தில் தொகுத்து 1927-ல் சென்னையில் புத்தகமாகவும் போட்டார்கள். அன்றைக்கு வழக்கம் என்ன? 1925 வாக்கில் மின்சாரப் பதிவு வரும்வரை மைக்கே கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் வாயைக் கிட்டே வைத்துப் பேச வேண்டும். தள்ளி நின்றால் தட்டில் ஒன்றும் விழாது. கரகரப்பு எக்கச்சக்கம், ஆனாலும் அந்தத் தமிழ்க் குரல்கள் இன்றைக்கும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. நம்மிடம் 4கே கேமரா இருக்கிறது, பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறது.

தூரம்தான் விஷயமே. திறந்தவெளிக் கணக்குப்படி தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து அரையடியில் இருக்கும் மைக்கை எட்டடிக்குக் கொண்டுபோனால் 24 டெசிபல் காலி. ஆனால் மண்டபத்து ஃபேனும், பந்தியில் உருளும் பாத்திரமும், ஓடிப்பிடித்து விளையாடும் வாண்டுகளும் அதே சத்தத்தில்தான் இருப்பார்கள். வட்டிக் கணக்கு மாதிரி இதில் பேரம் பேச முடியாது. இரண்டு லட்ச ரூபாய் கேமராவின் முகப்பில் இருக்கும் மைக்கைவிட, பாட்டியின் புடவைத் தலைப்பில் குத்திய ஆயிரம் ரூபாய் மைக் நன்றாகக் கேட்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்த வில்லன் ஆட்டோ கெயின். சத்தம் கூடினால் கேமரா தானாகக் குறைக்கும், குறைந்தால் தானாகக் கூட்டும். தவில் ஒரு அடி அடித்ததும் சுருங்கிக்கொள்ளும். அடித்து ஓய்ந்ததும் மெதுவாக எழுந்து ஜெனரேட்டர் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதை அணைத்துவிட்டுக் கையால் வைக்க வேண்டும். சாதாரணப் பேச்சுக்கு உச்சம் மைனஸ் 12 பக்கம் நின்றால் போதும். டிஜிட்டலில் பூஜ்யம்தான் எல்லை, ஓவர் டிராஃப்ட் வசதி கிடையாது. தாண்டிய பகுதி அப்படியே வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. தவில்காரர் முழு உற்சாகத்தில் அடித்துக் காட்டும்போது அளவு வைக்க வேண்டும், அவர் காபி குடிக்கும்போது அல்ல. ஜூம் எஃப்3 (2022) மாதிரி 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. தொழிலாகவே செய்பவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாமே ஐயா, ஒரு டிரோன் றெக்கையை ஒடித்துக்கொண்ட செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"சார், நாங்க ஷாட்கன் மைக் வெச்சிருக்கோம்" என்று சிலர் மார் தட்டுவார்கள். கேமரா தலையில் பூனை உட்கார்ந்த மாதிரி ஒரு ரோமத் தொப்பியோடு இருக்குமே, அதுதான். அந்த ரோமம் காற்றுச் சத்தத்துக்கு, நல்ல விஷயம். ஆனால் அது தூரத்துக் குரலைக் கிட்டே இழுக்கும் பூதக்கண்ணாடி இல்லை. பக்கவாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். டைல்ஸும் கண்ணாடியுமாய் எதிரொலிக்கும் மண்டபத்தில் அந்த வித்தையும் பாதிக்குமேல் பலிக்காது. வயர்லெஸ் மைக்குகள் இப்போது மலிந்துவிட்டன. ஆனால் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை; ஐந்நூறு செல்போன்கள் வைஃபை தேடும் கூட்டத்தில் விட்டு விட்டுக் கேட்கலாம். சட்டையில் மாட்டும் துண்டே தனியாகவும் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ரகமாக வாங்குவது உத்தமம். ரோடு கம்பெனியின் வயர்லெஸ் கோ 2 (2021) அப்படிப்பட்டது.

காசு செலவழிக்க மனசில்லையா? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்போன் போதும். வயர் வைத்த காலர் மைக் ஒன்று, போயா எம்1 மாதிரி. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பதிவை ஓடவிட்டு, தாத்தாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். அந்தத் தட்டலை வைத்து எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் ஒட்டிக்கொள்ளலாம். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸில் பதிவது வழக்கம், சி.டி.யின் 44.1 வேண்டாம். மைக் முள்ளைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் என்றால் போனுக்கு, இரண்டு என்றால் கேமராவுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிச் சொருகினால் செக் திரும்பின கதைதான். வாழ்த்துரை மாதிரி மண்டப மைக்கில் பேசும் சமாசாரங்களுக்கு மைக்செட்காரரிடம் லைன் அவுட் கேளுங்கள், கொடுப்பார். அதை கேமராவின் மைக் ஓட்டையில் நேராகச் சொருகாதீர்கள். சிக்னல் பலமடங்கு அதிகம், காது கிழியும். லைன் இன் உள்ள ரெக்கார்டருக்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு புதுச் சாக்கு கிளம்பியிருக்கிறது. "ஏ.ஐ.ல போட்டா கிளீன் ஆயிடும் சார்." நிஜம்தான், ஃபேன் சத்தம், ஏசி இரைச்சல் எல்லாம் அழகாகப் போகிறது. ஆனால் எட்டடி தள்ளி நாதஸ்வரத்துக்கு அடியில் புதைந்துபோன பாட்டியின் குரலை அதில் போட்டால் சொற்கள் தேய்ந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி வரும். மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன், பதிவில் இல்லாத பெரியம்மாவுக்கு அது எங்கே போகும்? தவிர, சினிமாப் பாட்டுக்காக அழித்துவிட்ட சத்தத்தை எந்த ஏ.ஐ.யும் தோண்டி எடுக்காது.

வீடியோக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பாட்டுப் போடாவிட்டால் "என்னங்க வெறிச்சுனு இருக்கு" என்று சண்டைக்குப் போவதும் நாம்தான். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். நலங்கு, ஊஞ்சல், பெரியவர்கள் ஆசீர்வாதம் மூன்றுக்கும் காலர் மைக் வேண்டும், அந்த இடங்களில் பாட்டு கூடாது. பாட்டு மற்ற இடங்களில் வந்தாலும் அடியில் மூல ஒலி கேட்க வேண்டும். எடுத்த அத்தனை பதிவும் நம்முடைய ஹார்டு டிஸ்கில் ஏறிய பிறகே மீதிப் பணம். இந்தக் கடைசி நிபந்தனைதான் வேலை செய்யும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று. 2000-களில் ஹேண்டிகேமில் போட்ட சின்னக் கேசட்டுகள் (மினி-டிவி, இது தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ) பீரோவில் கிடக்கிறதா? பாட்டுப் போட்டுக் கொடுத்த சி.டி.யை நம்பி அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைக்காத சத்தம் கேசட்டில்தான் இருக்கிறது. ஓடுகிற கேமரா ஒன்றும், ஃபயர்வயர் சொருகும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் கிடைத்தால் ஒலியும் படமும் அப்படியே இறங்கிவிடும். எஸ்.பி. ரோட்டில் விசாரித்துப் பாருங்கள். இந்த கேமராக்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்துக்கொண்டிருக்கின்றன, சீக்கிரம் போங்கள்.