பரிவட்டம் யார் தலையில்?

ஆடி மாசம் கூழ் ஊத்த எங்க காலனியில் இந்த வருஷம் இரண்டு நோட்டீஸ். ஒரே மாரியாத்தா, ஒரே தேதி, ஒரே பம்பை செட்டு. அடித்துக் கொடுத்த அச்சகமும் ஒன்றுதான். கீழே இருந்த பெயர்கள்தான் வேறு. ஒன்றில் பழைய நாட்டாமை வகையறா. இன்னொன்றில் இளைஞர் மன்றத்துப் பையன்கள். மன்றத்துக்காரர் ஒருவரின் படம் அண்ணல் அம்பேத்கர் படத்தைவிடப் பெரிசாய்ப் போட்டிருந்ததாம், காப்பு கட்டிய அன்றைக்கே பிளெக்ஸ் கிழிந்தது. கிழித்தவர்களின் பிளெக்ஸிலும் அண்ணல் தபால்தலை அளவில்தான் இருந்தார், அது வேறு விஷயம்.

"ஊர்க்காரன் சிரிக்கிறான், இதையெல்லாம் எழுதாதீங்க தோழர்" என்றார் ஒரு நண்பர். அவன் சிரிப்புக்குப் பயந்து எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருப்பது? இன்னொரு நண்பர் பகுத்தறிவாளர். சாமியே வேண்டாம், திருவிழாவை நிறுத்து என்கிறார். விழுப்புரம் பக்கம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில் உள்ளே போன நம் பிள்ளைகளை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2025இல் போலீஸ் காவலோடுதான் உள்ளே போக முடிந்தது. சாமியை நம்பினாலும் நம்பாவிட்டாலும், திருவிழா என்பது யார் மனுசன் என்று தெருவில் நின்று அறிவிக்கிற காரியம். அதை விட்டுவிட்டுப் போக முடியாது.

நான் வங்கியில் குமாஸ்தா. அதனால் இரண்டு தரப்பும் என்னிடம் வந்தன. விழாக் கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம். 'எதிர்த்தரப்புக்குப் பணம் கொடுக்காதே' என்று இரண்டு பக்கமும் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகிகளுக்குள் தகராறு என்றால் பட்டுவாடாவை நிறுத்தி வைப்பதுதான் வங்கி வழக்கம். வீடு வீடாய்ப் போய் வாங்கின தலைக்கட்டு வரி அப்படியே தூங்குகிறது.

கூழ் நிற்கவில்லை. பெண்கள் ஆளுக்கு ஒரு படி கேழ்வரகு போட்டு, அண்டாவை இரவல் வாங்கிக் காய்ச்சி ஊத்திவிட்டார்கள். எங்க சின்னம்மா சொன்னாள்: "தலைவரு யாருன்னு நீங்க தீத்துட்டு வர்றதுக்குள்ள கூழு புளிச்சிப் பூடும்டா." பூசாரிதான் பாவம். பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் தலையில் கட்டுவதென்று முழித்துவிட்டுச் சூலத்தில் கட்டினார்.

சண்டை காசுக்கு இல்லை. கணக்கைப் பார்த்தவன் சொல்கிறேன், அதில் திங்க ஒன்றுமில்லை. சண்டை அந்த ஒரு முழத் துணிக்கு. முதல் மரியாதை ஊர்க்கோயிலின் சரக்கு. யார் மேல், யார் கீழ் என்று வரிசை கட்டுவதற்கு ஆதிக்க சாதிகள் வைத்திருக்கிற அளவுகோல். அந்த வரிசையில் நமக்கு இடமே கிடையாது. அதையே தூக்கிக்கொண்டு வந்து நம் தெருவில் நட்டுவிட்டு, யார் முதல் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் அங்கிருந்தே எடுத்து வந்திருக்கிறோம். ஊர்க்கோயில்களில் நம்மிடம் ஏன் வரி வாங்க மாட்டேன் என்கிறார்கள்? வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பின்தெருவில் இருக்கிற அருந்ததியர் வீடுகளில் நாம் வரி வாங்குவதில்லை. புருசன் செத்த பெண்ணுக்கு அரை வரி. சலுகை என்கிறோம். அரை வரிக்காரிக்குக் கமிட்டியில் பேச்சு கிடையாது என்பதைச் சொல்வதில்லை. நோட்டீஸ் இரண்டிலும் தேடிப் பார்த்தேன், பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் நாட்டாமைக்கும் மன்றத்துக்கும் ஒரு தகராறும் இல்லை.

பையன்களிடம்தான் எனக்கு அதிகக் கோபம். பெரியவர்களுக்கு வேறு தெரியாது. இவர்கள் டிசம்பர் 6க்கு மாலை போடுகிறவர்கள். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார். இவர்களோ ஒருவரை 'நிரந்தரத் தலைவர்' என்று அச்சடிக்கிறார்கள். நாட்டாமையாவது செத்தால் மாறுவார்.

வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு முழு வரி, பின்தெரு உட்பட. பரிவட்டம் கிடையாது. தலைமை வருஷத்துக்கு ஒரு வீடு. கணக்கைக் கோயில் முன்னால் சத்தமாய்ப் படிக்க வேண்டும். ஆவணியில் நடக்கப்போகிற கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டலாம், அப்படியாவது சேரட்டும்.

சின்னம்மாவை முழு வரி கட்டச் சொல்லியிருக்கிறேன். "கட்டறேன்டா, ரசீது எவன் போட்டுக் குடுப்பான்?" என்கிறாள்.