பேதம் பார்க்காத வைத்தியம்

எங்களுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை, வருவோர் எல்லோரும் நோயாளர்களே என்று உளநலக் கூட்டங்களில் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் விழும். எனக்கோ அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகவே படுகிறது.

1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதும் அத்தொகை பெருமளவு வீழ்ந்தது. (அதைச் சாதித்தது உளநலப் பிரிவு அல்ல என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.) ஆயினும் மாள்பவர்களில் இன்றும் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்களுக்குக் குறையாது. மனச்சோர்வோ பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் சோர்வுறுபவர் ஒரு பாலார், அதிகம் சாகிறவர் மறு பாலார். இருவருக்கும் ஒரே வாசல் போதும் என்பது என்ன நியாயம்?

கிளினிக் நடப்பது வேலைநாள் காலையில். கடற்றொழிலாளியும் மேசனும் அன்றைய கூலியை இழந்து வரிசையில் நிற்பார்களா? துயரைத் துயரென்று சொல்ல அவனை எவரும் பழக்கவுமில்லை. தவறணையில் இறக்கி வைக்கிறான், வீட்டில் கோபமாகக் கொட்டுகிறான். நாமும் குடிகாரன் என்று எழுதிக் கோவையை மூடிவிடுகிறோம்.

பெண் வருகிறாள். ஆனால் உடம்பு உளைவு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையில்லை என்றே வருகிறாள். வெளிநோயாளர் பிரிவில் பரசிட்டமோல் கிடைக்கிறது. தப்பித்தவறி உளமருத்துவரிடம் சேர்ந்தாலும், கணவன் பக்கத்தில் நிற்கையிலேயே "வீட்டில் ஏதும் பிரச்சினையோ?" என்ற கேள்வி வருகிறது. அடிக்கிறவன் அருகில் நிற்க அவள் எதைச் சொல்வாள்? 2009 இல் முடிந்த போரில் கணவனைத் தொலைத்து, சாவுச் சடங்கும் செய்யமுடியாமல் காத்திருப்பவளின் துயரைக் குளிசையில் மட்டும் தீர்க்க முடியுமா?

சரி, குளிசையாவது இருபாலாருக்கும் பொதுவானதா? இருமுனை மனநோய்க்குக் கொடுக்கப்படும் வல்ப்ரோயேட்டைக் கர்ப்பிணி உட்கொண்டால், பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படலாம். ஐரோப்பாவில் 2018 இல் இதற்கான கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. (இதை வாசித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடவேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள்.) துண்டு எழுதுமுன் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்பது பேதம் பார்ப்பதாகுமா?

நான் கேட்பது புதிய கட்டடங்களை அல்ல. வாரத்தில் ஒருநாள் மாலைநேரக் கிளினிக். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. கூட வந்தவரைச் சற்று வெளியே இருங்கள் என்று சொல்லத் தாதிக்கு அதிகாரம்.