அர்ஜியை எந்தப் பாடத்தில் வைப்பது?

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) சிலருக்கு இனக்கலவர நாவல், சிலருக்குத் தன்பாலீர்ப்பு நாவல். பிரித்துப் படித்தால் அதன் உயிரே போய்விடும். மணப்பெண் வேடமிட்டு விளையாடியதற்காகச் சிறுமிகளின் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்ட நாயகன், தமிழ்ச் சிறுவன் அர்ஜி, 1983 ஜூலை இனக்கலவரத்தில் வீடு எரிந்தபின் கொழும்பையே விட்டுக் கனடாவுக்குப் போகிறான். அவன் காதலித்த ஷெஹான் சிங்களவன். காதலை இழந்ததையும் நாட்டை இழந்ததையும் எப்படிப் பிரிப்பது? புலம்பெயர்ந்தால் விடுதலை என்ற எளிய நம்பிக்கையையும் செல்வதுரை ஏற்பதில்லை: ‘தி ஹங்ரி கோஸ்ட்ஸ்’ (2013) நாவலின் நாயகன் சிவனுக்கு டொரன்டோவிலும் நிம்மதியில்லை. ‘ஃபன்னி பாய்’ நாவலைத் தழுவிய தீபா மேத்தாவின் 2020 திரைப்படத்தில் தமிழ் உச்சரிப்பு இடறியது எனக்கு வலித்தது; இந்தக் கதைக்கு மொழியும் உயிர்நிலை. தமிழ்த்துறைகளின் புலம்பெயர் இலக்கியப் பாடத்தில் அர்ஜிக்கு இடம் வேண்டும்.