பெற்றோர் கண்ணில் மட்டும் பட்டது

செயற்கை நிறமிக்கும் ஏடிஎச்டிக்கும் தொடர்பு உண்டா என்று பெற்றோர் கேட்டால், மருத்துவர்களான நம்மில் பலர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். சான் பிரான்சிஸ்கோவின் ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்டு 1970களில் பரப்பிய, நிறமியை விலக்கும் உணவுமுறை, 1983-இல் வந்த தொகுப்பாய்வுக்குப் பிறகு மதிப்பிழந்தது. பலருடைய வாசிப்பும் அத்தோடு நின்றுவிட்டது.

2004-இல் வெளியான வைட் தீவு ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சில நாட்கள் நிறமியும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில நாட்கள் அவை கலக்காத பானம். பெற்றோர் வித்தியாசத்தைக் கண்டார்கள். மருத்துவமனைச் சோதனையில் ஒன்றும் தென்படவில்லை. அதே ஆண்டு ஷாப், டிரின் இருவரும் வெளியிட்ட தொகுப்பாய்விலும் பெற்றோரின் மதிப்பீட்டில்தான் விளைவு தெரிந்தது. ஆசிரியர், மருத்துவர் மதிப்பீடுகளில் இல்லை. பெற்றோரின் பிரமை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பிள்ளை எப்போது எதைக் குடித்தது என்பது அவர்களுக்கும் தெரியாது. முன்முடிவு இருந்தாலும் அது இரு பக்கமும் ஒரே அளவில்தானே விழும்? நம் அறையில் சற்று நேரம் அடங்கி உட்காரும் பிள்ளையோடு மாலை முழுவதும் மல்லுக்கட்டுகிறவர் தாய். அவர் கண்ணில் பட்டது நம் சோதனைக்குச் சிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2007-இல் 'லான்செட்'டில் வந்த சவுத்தாம்ப்டன் ஆய்வைப் பெயரளவில் எல்லோரும் அறிவோம். அதில் பங்கேற்ற 297 குழந்தைகளும் பொதுச் சமூகத்திலிருந்து வந்தவர்கள், ஏடிஎச்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை நிறமியைக் குறை கூறுவோரும் அதை மறுப்போருமே மறந்துவிடுகிறார்கள். நிறமி கலந்த பானத்தின் விளைவு சராசரியில் சிறியது, பிள்ளைக்குப் பிள்ளை மாறுவது. ஆகவே அது பள்ளிச் சிற்றுண்டிக் கொள்கைக்கான சான்று. ஏடிஎச்டிக்குக் காரணம் கண்டுபிடித்த ஆய்வு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆய்வில் கலந்த ஆறு நிறமிகளுக்கு 2010 ஜூலை முதல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2011-இல் வாசகம் தேவையில்லை என்றது. அந்த ஆறில் டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் நான்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. (தமிழ்நாட்டில் 2024-இல் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமைன்-பி என்ற, உணவில் சேர்க்கவே கூடாத சாயத்தால்; பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.)

நிறமியில் ஊட்டம் ஏதும் இல்லை. நிறுத்துவதால் பிள்ளைக்கு இழப்பும் இல்லை. நிறுத்திப் பார்க்க விரும்பும் பெற்றோரிடம் சரி என்று சொல்லி, முன்னும் பின்னும் மதிப்பீட்டுப் படிவத்தை வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பச் செய்யலாம். கோதுமை, பால், முட்டை என்று வரிசையாக விலக்கும் உணவுமுறை வேறு கதை. மெத்தில்ஃபெனிடேட்டால் ஏற்கெனவே பசி மந்தமான பிள்ளைக்கு எடை குறையும். உணவியல் வல்லுநர் உடனில்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. உணவை மாற்றிப் பார்க்கிறோம் என்று பெற்றோர் பயிற்சியையோ மருந்தையோ தள்ளிப்போடவும் கூடாது. "நீ வாங்கிக் கொடுத்த மிட்டாயால்தான்" என்று வீட்டில் தாயை நோக்கி விரல் நீள்வதையும் அந்தச் சந்திப்பிலேயே தடுக்க வேண்டும்.

கடையில் வாங்கும் தின்பண்டத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. நாம் எழுதித்தரும் காய்ச்சல், இருமல் சிரப் பலவற்றின் லேபிளிலும் சன்செட் யெல்லோவோ கார்மோய்சினோ இருக்கிறது. சோடியம் பென்சோயேட்டும் இருக்கிறது.