முலாமுக்குக் கீழே

முட்டுக்காட்டிலும் கோவளம் கரையிலும் தூண்டில் கோலோடு நிற்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நரம்பு ஓடுவதற்காக அக்கோலின்மேல் சிறு வளையங்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். விலை மலிந்த கோல்களில் குரோம் முலாம் பூசிய வளையங்களும் உண்டு. கடையில் வெள்ளியாய் மின்னும் அவை உப்புக்காற்றில் நாள்பட நின்றால் துருப்பிடிக்கும். அத்துரு பெரும்பாலும் வளையமும் அதன் காலும் சேரும் உள்மூலையில்தான் முதலில் தலைகாட்டும். மின்முலாம் பூசும்போது மின்னோட்டம் துருத்தி நிற்கும் விளிம்புகளையே நாடுகிறது. குழிவான இடங்களுக்கு உலோகம் குறைவாகவே சென்று சேர்கிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தடிப்பு, மறைவான இடத்தில் மெலிவு.

உடன்படிக்கைப் பெட்டியைச் செய்யச் சொன்ன இடத்தில், அதன் உட்புறத்தையும் பொன்னால் மூடும்படி கட்டளை இருப்பதை நாம் விரைவாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். மூடி வைத்தபின் எவரும் காணாத பக்கம் அது.

நமது திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளுக்கு இது அந்நியமான பேச்சன்று. தூண்டில் வளையத்திற்குப் பூசும் அதே முலாமே மோட்டார் சைக்கிளின் கண்ணாடிச் சட்டத்திற்கும் கைப்பிடிக் குழாய்க்கும் பூசப்படுகிறது. அந்தப் பளபளப்பின் கனத்தைக் கேட்டால் வியப்பீர்கள். அலங்கார முலாமில் குரோமியத்தின் தடிப்பு ஏறக்குறைய 0.3 மைக்ரான்; மனிதத் தலைமயிரின் பருமனோ சுமார் 70 மைக்ரான். துருவைத் தடுக்கும் வேலையின் பெரும்பங்கைச் செய்வது அதற்குக் கீழே 10 முதல் 20 மைக்ரான் வரை படிந்திருக்கும் நிக்கல். அது மங்காமலும் கீறாமலும் காத்து, நீலச்சாயல் கொண்ட ஒளியைத் தருவதே மேலிருக்கும் குரோமியத்தின் பணி. புகழ் மட்டும் முழுவதும் அதற்கே போகிறது.

அந்த 0.3 மைக்ரானுக்காக மனிதர் கொடுக்கும் விலையைப் பற்றியே இவ்வாரம் எழுத நினைத்தேன். பழைய முறையில், லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் கரைந்த தொட்டியில் பொருள்களை மூழ்கவிடுகிறார்கள். செலுத்தும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே உலோகம் படிவதற்கு உதவுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீரைப் பிரித்துக் குமிழியாக்குகிறது. குமிழிகள் உடையும்போது அமிலம் நுண்துளியாய் எழும்புகிறது. அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். காப்பின்றி அதைச் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே துளைபடுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும் அது உறுதிசெய்யப்பட்டுள்ளது. மூக்கு துளைபட்ட மனிதனின் கைவேலையில் நாம் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறோம்.

நிலத்துக்கு நேர்வதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் இராணிப்பேட்டை. அங்கே சிப்காட் வளாகத்தில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, குரோமிக் அமிலத்துக்கு மூலமான சோடியம் டைகுரோமேட்டையும் தோல் பதனிடும் குரோமிய உப்பையும் தயாரித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆலை மூடப்பட்டது. குரோமியக் கழிவு மட்டும் 1.5 லட்சம் டன் அளவில் குன்றாகக் கிடந்து, மழைதோறும் மஞ்சள் நீராய் நிலத்தடிக்குள் இறங்கிற்று. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல். செம்பரம்பாக்கத்துக்கு அருகே குடியிருக்கும் நாம் அந்தக் குன்றை மறக்கலாகாது.

மாற்று வழி இல்லையா? உண்டு. மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டே அலங்கார முலாம் பூசலாம். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. கலிபோர்னியா மாநிலம் 2023-இல் கொண்டுவந்த விதி, 2027 முதல் அலங்கார முலாமில் பழைய முறைக்கு இடமில்லை என்கிறது. இங்கே சொல்லப்படும் தடை பெரும்பாலும் இரண்டு: செலவு, நிறம். புதிய முலாம் சற்றே கருமையாகத் தோன்றுமாம். பக்கத்தில் பொருத்தும் பழைய பாகத்தோடு சாயல் ஒத்துப்போகாதாம். அதிர்வுதாங்கியின் தண்டுக்குப் பூசும் கடின குரோம் வேறு வகை. அது தேய்மானத்தைத் தாங்கவேண்டியது, அதற்கு ஈடான மாற்று எளிதில் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் வெறும் சாயலுக்காக ஒருவன் சுவாசத்தைப் பணயம் வைக்கவேண்டும் என்று எந்தத் தர நிர்ணயமும் கேட்பது நியாயமாகாது.

உங்களில் கொள்முதல் பிரிவிலும் தரக்கட்டுப்பாட்டிலும் பணியாற்றுகிறவர்கள் இருக்கிறீர்கள். பாகத்தின் வரைபடத்தில் எந்த முலாம் என்று குறிக்கும் அந்த ஒற்றை வரி உங்கள் மேசையைக் கடந்துதான் பட்டறைக்குப் போகிறது. அதை மாற்றும்படி கேளுங்கள். சாயல் வேறுபட்டால் எவ்வளவு வேறுபடுகிறது என்று மாதிரி வைத்துப் பாருங்கள். முலாம் பூசித்தரும் சிறு பட்டறை ஒன்று உங்கள் விலைக்குறைப்புக்கு இணங்குமானால், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை அது எங்கே சேர்த்திருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

தூண்டில் கோல் வாங்குகிறவர்கள் துருப்பிடிக்கா எஃகில் செய்த வளையங்களைக் கேட்டு வாங்கலாம். அந்த எஃகிலும் குரோமியம் உண்டு, குறைந்தது நூற்றுக்கு 10.5 பங்கு; ஆனால் அது மேலே பூசப்படாமல் உலோகத்தோடு கலந்திருக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் அந்த இடத்தில் காப்புப்படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும்.